தண்ணீரை மாற்றவில்லை

1964 மார்ச் 2, திங்கள். காலை 6.00

கருப்பட்டி,

தொட்டிச் சூடு 2 டிகிரி. கரண்ட் முள் 12. டீசல் நான்கு டின். எஞ்சின் சத்தம் சரி. பெல்ட் சரி. கேஸ் குழாய் நட்டை இறுக்கிவிட்டேன், கசிவு இல்லை.

நேற்று மதியம் உன்னைத் தொட்டியில் இறக்கினேன். வயர் இரண்டையும் நெஞ்சில் ஒன்று, பிடரியில் ஒன்று என்று செத்த நாயை எழுப்ப நீ வைத்த மாதிரியே வைத்தேன். நீ எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்த பக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஐந்து நாள் குளிர், பிறகு சூடு ஏற்ற வேண்டும், பத்தாம் நாளுக்குள் எழும்பும் என்று எழுதியிருக்கிறாய். எழும்பியதும் இந்த நோட்டைக் கேட்பாய். அதனால் மூன்று வேளையும் எழுதுகிறேன்.

வேறு யார் கையிலாவது இது கிடைத்தால்: என் பெயர் பேச்சியம்மாள். தேரிவிளைக் கடற்கரையில் இருக்கும் பழைய ஐஸ் கம்பெனியில் சமையலுக்கு இருந்தவள். மூன்றாம் வகுப்பு. தொட்டியில் இருப்பது டாக்டர் ரூபி தேவாசீர். இந்த ஐஸ் கம்பெனியை வாங்கி, செத்ததை எழுப்புகிறேன் என்று இங்கே இருந்தாரே தேவாசீர் டாக்டர், அவருடைய மகள். நான் பெறவில்லை, வளர்த்தேன். குளிர் மெஷினின் கேஸ் குழாய் கசிந்து நேற்றுக் காலையில் இறந்துபோனாள்.

மதியம் 12.00

சூடு 2. முள் 12.

உப்பைச் சோதித்தேன். நீ கொடுத்த கண்ணாடிக் குழாயில் கோடு எனக்குப் பிடிபடவில்லை. கோழி முட்டையைப் போட்டுப் பார்த்தேன். அரை முட்டை வெளியே தெரிய மிதந்தால் உப்பு சரி என்பது என் வீட்டுக்காரர் சொன்ன கணக்கு. கொஞ்சம் அமுங்கியது. அரை மூட்டை உப்பு போட்டேன். மிதந்தது.

தண்ணீர் பழைய தண்ணீர்தான். ஐஸ் கம்பெனியில் தொட்டித் தண்ணீரைக் கொட்டுகிற வழக்கம் இல்லை. குறைந்தால் மேலே ஊற்றுவோம், உப்பு போடுவோம். என் வீட்டுக்காரர் சொள்ளமுத்து இங்கே எஞ்சின் ஓட்டினவர். "தொட்டித் தண்ணியும் பொண்டாட்டியும் ஒண்ணு பேச்சி, பழசாவப் பழசாவத்தான் குளிர்ச்சி" என்பார்.

மாலை 6.00

சூடு 2. முள் 12. நீ அப்படியே இருக்கிறாய்.

மார்ச் 4, புதன். காலை 6.00

சூடு 2. முள் 12. டீசல் இரண்டு டின்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். இன்று விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. உன்னை இறக்குவதற்கு முன்னால் உன் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணி கிழித்துக் கட்டியிருக்கிறேன். செத்தவர்களுக்குக் கட்டுகிற கட்டு. எப்போது கட்டினேன் என்று நினைவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது. அவிழ்க்கலாம் என்றால் தொட்டிக்குள் கை விட வேண்டும், கரண்ட் ஓடுகிறது. எழும்பினதும் அவிழ்க்கிறேன். கோபப்படாதே.

மதியம் 12.00

சூடு 2.

பேச்சுச் சத்தம் இல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நீ நாலு வயதில் கருப்பட்டித் துண்டு வாயில் இருந்தால்தான் தூங்குவாய். அதில் வந்த பெயர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் சமையல்காரி, நீ போர்டிங் பிள்ளை. மற்றப் பிள்ளைகள் முன்னால் "பேச்சிம்மா" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வருவாய். சிஸ்டர் காதைத் திருகுவார். லீவில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாய். நான் "ழ" போட்டால் நண்டு மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாய்.

மார்ச் 5, வியாழன். காலை 10.20

கேட் போன் மணி அடித்தது. கேட்டுக்கு ஒன்று, எஞ்சின் அறைக்கு ஒன்று, தொட்டி அறைக்கு ஒன்று என்று நீ வைத்த, கையால் சுற்றி மணி அடிக்கிற போன்கள் மூன்றும் ஒரே கம்பியில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து அடிக்கின்றன. டீசல் கொண்டு வருகிற மிக்கேல்.

"ஆச்சி, ஏழு டின்னு இறக்கியாச்சி. ஐஸ் கம்பெனின்னு பேரு, ஒரு ஐஸும் வெளிய வர மாட்டேங்கு. உள்ள என்ன திமிங்கலமா வளக்கீய?"

"உன் வாயை வளக்கேன். டின்னை வச்சிட்டுப் போ."

"டாக்டரம்மா எங்க? எங்கம்மைக்கு மூட்டு வலிக்கு மருந்து தாரேன்னாவ."

"மெட்ராஸுக்குப் போயிருக்கா. பத்து நாள் ஆவும்."

"பஸ்ல போனாவளா? நான் பாக்கலியே."

நான் போனை வைத்துவிட்டேன். நான் சொல்கிற பொய்யெல்லாம் சின்னதாகத்தான் தொடங்கும்.

டீசல் எட்டு டின். சூடு 2. முள் 12.

மார்ச் 7, சனி. காலை 6.00

நேற்று குளிர் மெஷினை நிறுத்திச் சூட்டுக் கம்பியைப் போட்டேன். சூடு 14. முள் 15க்கு ஏற்றினேன். டீசல் அதிகம் குடிக்கிறது.

பகல் 11.40

உன் வலது கைச் சுண்டு விரல் அசைந்தது. மூன்று முறை. கரண்டில் அசைகிறதா, நீ அசைக்கிறாயா, தெரியவில்லை. விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

நீ எழும்பப் போகிறாய். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உன் அப்பா கேஸ் குழாய் வெடித்துத் தொட்டியில் விழுந்து செத்தார் என்று இருபத்திரண்டு வருடம் உனக்குச் சொல்லி வந்தேன். அது பொய்.

அந்த வருடம் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். ஊர்ச் சுடுகாட்டில் எரித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாடையில் போனது வெறும் உப்பு மூட்டையும் துணியும். எட்டாம் நாள் காபி கொண்டு போனவள் தொட்டிக்குள் அவரைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார், மீன் மாதிரி. உன் அப்பா, "பேச்சி, உன் புருஷனைத்தானே திருப்பித் தாரேன், ஏன் அழுதே?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அதுதான் பயம்.

நான்தான் ஊருக்குப் போய்ச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு வந்தபோது பெரிய கேட் உள்ளே பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில். திறந்துவிட்டேன். உன் அப்பாவை அடித்து ஊரை விட்டுத் துரத்துவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரரை வெளியே எடுத்து எரித்துவிட்டு, உன் அப்பாவைத் தொட்டிக்குள் தள்ளி மேல் பலகையைப் போட்டு எட்டுப் பேர் ஏறி நின்றார்கள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடிவிட்டேன். நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். வாயில் கருப்பட்டி.

போன வருடம் நீ இந்தக் கட்டடத்தைத் திறந்தபோது தொட்டி அறையில் கைப்பிடி எரிந்த அவருடைய நாற்காலி இருந்தது, தொட்டியில் அவருடைய மூக்குக் கண்ணாடியும் இடுப்பு பெல்ட் வளையமும்தான் கிடந்தன. மற்றதெல்லாம் தண்ணீராகியிருந்தது. நீ வளையத்தைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். நான் சாம்பார் கொதிக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன்.

மார்ச் 8, ஞாயிறு. காலை 6.00

சூடு 22. முள் 15. உதட்டில் நீலம் குறைந்திருக்கிறது.

காலை 9.00

நேற்று எழுதியதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இன்னொன்று இருக்கிறது. அதுதான் பெரியது.

அந்தச் செவலை நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததை நீ தொட்டியில் போட்டு எழுப்பினாய் இல்லையா. அது நடந்து வெளியே வந்தபோது நீ குதித்தாய். என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பா சொன்னது சரிதான் பேச்சிம்மா. அடுத்து அப்பாதான்" என்றாய். எதிலிருந்து எழுப்புவாய், எப்படி எழுப்புவாய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்றுதான் ஓடியது. அவர் எழும்பினால் முதல் வார்த்தையாக என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். உன் முன்னால் கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கேஸ் குழாயின் நட்டை ஸ்பானர் போட்டு அரைச் சுற்று தளர்த்தினேன். நான்தான். வாடை வந்தால் எஞ்சினை நிறுத்துவாய், குழாய் சரிசெய்கிற பிட்டரைக் கூட்டிவர டவுனுக்குப் போவாய், இரண்டு நாள் தள்ளிப்போகும். அதற்குள் உன் மனதை மாற்றலாம் என்று நினைத்தேன். தளர்த்திவிட்டுக் கோழிக் கூட்டுக்குப் போனேன். முட்டை எடுக்க.

நீ வெளியே ஓடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீ உள்ளே ஓடினாய். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்து. "பேச்சிம்மா, பேச்சிம்மா" என்று நீ கூப்பிடுவது கோழிக் கூடு வரைக்கும் கேட்டது. சும்மா காபிக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, வாரேன் வாரேன் என்றேன். கையில் நாலு முட்டை இருந்தது. அதை உடையாமல் கூடையில் வைத்துவிட்டு வந்தேன்.

உப்புக்குச் சோதிக்கிற முட்டை அதுதான்.

மாலை 6.00

சூடு 26. முள் 15. எழுத வேறு இல்லை.

மார்ச் 9, திங்கள். காலை 6.00

சூடு 31. நெஞ்சு ஏறி இறங்குகிறது. கையில் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு.

பகல் 1.15

உன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. உன் டேப் மெஷினைப் போட்டேன். கடைசிச் சுருளில் நீ பேசி வைத்திருந்தாய். தேதி சொல்கிறாய். பிப்ரவரி 29, சனிக்கிழமை. அப்படியே எழுதுகிறேன், மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"நாய் எங்கிட்ட வரலை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பலை. நேரா அப்பாவோட எரிஞ்ச நாற்காலிக்குப் போய் உக்காந்துச்சி. பேச்சிம்மாவை மட்டும் முறைச்சிப் பாத்துக்கிட்டே இருந்துச்சி. எஞ்சினை நிறுத்தினதும் செத்துட்டு. எனக்கு இப்பத்தான் புரியுது. அப்பா இந்தத் தண்ணியிலதான் இருக்கார். இதுல எந்த உடம்பைப் போட்டாலும் அப்பாதான் எந்திரிப்பார். அப்ப அப்பாவை எழுப்ப இன்னொருத்தர் உடம்பு வேணும். யாரு உடம்பு? அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். நான் கேக்கேன். வேண்டாம். திங்கக்கிழமை தொட்டியைத் திறந்து எல்லாத்தையும் கடலுக்கு விட்டுரணும். பேச்சிம்மாகிட்ட நாளைக்கு மத்தியானம் சாப்பிடும்போது சொல்லலாம். சந்தோஷப்படும். அது இங்க வந்ததுல இருந்து ஒழுங்காத் தூங்கவே இல்லை."

அதற்குப் பிறகு நீ கொட்டாவி விடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பகல் 2.00

நீ விட்டுவிடுவதாக இருந்தாய். நட்டைத் தளர்த்தவே வேண்டாம். மதியச் சாப்பாடு வரைக்கும் பொறுத்திருந்தால் போதும்.

தண்ணீரை நான் மாற்றவில்லை. அது ஐஸ் கம்பெனிப் பழக்கம். உன் அப்பாவுக்கு வேண்டியிருந்த அந்த உடம்பை நானே கொண்டுவந்து போட்டேன்.

பகல் 2.40

தொட்டியைத் திறக்கிற வால்வில் கை வைத்தேன். இரண்டு சுற்று சுற்றினால் தண்ணீர் போய்விடும். நீயும் போய்விடுவாய். கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது நீ இருமினாய். சின்னப் பிள்ளையில் சளி பிடித்தால் இருமுவாயே, அதே இருமல்.

வால்வை விட்டுவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய். காலை 7.30

சூடு 37. முள் 15. எழும்பிவிட்டாய்.

விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாய். கையைக் கொடுத்து வெளியே இறக்கினேன், கரண்ட் சுரீரென்று ஏறியது, விடவில்லை. வயர் நீளமாகத்தான் இருக்கிறது, அறைக்குள் நடக்கலாம். குனிந்து கால்விரல் கட்டை அவிழ்த்தேன். உப்பில் இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். என் தலைக்கு மேலே நீ மூச்சு விடுகிறாய். வெதுவெதுப்பாக. போர்வையைப் போர்த்தினேன். உன் முகம்தான். நெற்றித் தழும்பு, காதில் தோடு போட்ட ஓட்டை, எல்லாம் உன்னுடையது.

"கருப்பட்டி, இந்தா" என்று ஒரு துண்டை உன் வாய்க்கிட்டே கொண்டுபோனேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உள்ளங்கையை இப்படி நிமிர்த்தி, வேண்டாம் என்று தள்ளினாய்.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. பாயசம் கொண்டுபோனால் இதே மாதிரித்தான் கையைக் காட்டுவார்.

பிறகு எழுந்து, நனைந்த காலோடு நடந்து போய், கைப்பிடி எரிந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய்.

நான் பின்னாலேயே நடந்து வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இந்தப் பக்கம்தான் தாழ்ப்பாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சாப்பாடு இன்னும் கொடுக்கவில்லை.

மார்ச் 11, புதன். காலை 6.10

தொட்டி அறையிலிருந்து போன் மணி. எஞ்சின் அறையில் எடுத்தேன். உன் குரல்.

"பேச்சி."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பேச்சி, கதவை எதுக்குத் திறந்த?"

"எந்தக் கதவை ஐயா?" என்று கேட்டுவிட்டேன். ஐயா என்று என் வாய் சொல்லிவிட்டது.

"பெரிய கேட்டை."

இருபத்திரண்டு வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "எம் புருஷன் வாயை வாயைத் திறந்தாரு ஐயா" என்றேன். அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம்.

மாலை 6.00

முள் 15. சூடு பார்க்க முடியவில்லை. தொட்டி அந்தப் பக்கம் இருக்கிறது. நான் இந்தப் பக்கம்.

மார்ச் 12, வியாழன். காலை 10.05

கடைசி டின்னை ஊற்றியாயிற்று. எஞ்சின் நின்றால் நாய் மாதிரி ஆகிவிடும். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தபோது கேட் போன் அடித்தது. மிக்கேல்.

"ஆச்சி, டாக்டரம்மா மெட்ராஸுல இருந்து எப்ப வந்தாவ?"

"யாரு சொன்னா?"

"இப்பத்தான் கேட் போன்ல பேசுனாவ. மணி அடிச்சதும் அவ்வொதான் எடுத்தாவ. நல்லாத்தான் பேசுனாவ, ஆனா ஆம்பள மாதிரி அதட்டுதாவ. எங்கய்யா பேரைக் கேட்டாவ. சொன்னேன். உசுரோட இருக்காரான்னு கேட்டாவ. அப்புறம் சவரிமுத்துத் தாத்தா, கோயில்பிள்ளை தாத்தா, தரகு நாடார், வரிசையா ஏழெட்டுப் பேரு. யாரு யாரு இருக்காவ, எந்தத் தெருவுலன்னு. நான் கேட்டேன், எதுக்கும்மான்னு. பாக்கணும்ங்காவ. ஆச்சி, எங்க ஊருப் பெரியாளுவ பேரு அவ்வொளுக்கு எப்பிடித் தெரியும்?"

உனக்குத் தெரியாது. நீ அன்றைக்கு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். பலகை மேல் ஏறி நின்றவர்களின் பெயர் எனக்குத் தெரியும், தண்ணீருக்குள் இருந்தவருக்குத் தெரியும்.

"மிக்கேலு, டின்னை கேட்டுல வச்சிட்டு ஓடிப்போ. உங்கய்யாவைக் கூட்டிட்டு உங்கக்கா ஊருக்குப் போயிரு. இன்னைக்கே."

"என்ன ஆச்சி, பயங்காட்டுதீய?"

"போலே."

பகல் 3.30

டின்கள் கேட்டில் இருக்கின்றன. இங்கிருந்து தெரிகின்றன. எடுத்து வரவில்லை. ஆறு மணி வரைக்கும் ஓடும்.

எடுத்து வந்து ஊற்றினால் அவர் இருப்பார். பூட்டி வைத்தால் சோறில்லாமல் உன் உடம்பு வாடும். திறந்தால் ஊருக்குள் போவார், உன் முகத்தோடு. அந்த எட்டுப் பேர் செய்ததற்கு அவர்கள் பதில் சொல்லட்டும் என்றால், கேட்டைத் திறந்தது நான். ஊற்றாமல் விட்டால் உன்னை இரண்டாம் முறையும் நானே கொன்றதாகும். எப்படி எழுதினாலும் என் கைதான் வருகிறது.

மாலை 5.20

போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்று இருந்தேன். எடுத்துவிட்டேன்.

"பேச்சிம்மா."

பேச்சி இல்லை. பேச்சிம்மா.

"பேச்சிம்மா, குளிருது. இங்க வேற யாரோ இருக்காங்க. நான் உறங்கினா அவங்க எந்திரிச்சிக்கிடுதாங்க. கதவைத் திற."

"நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? சொல்லு."

"கருப்பட்டி."

அழுதுவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த முகத்துக்கு முன்னால் அந்தப் பெயரை நானே சொன்னேன். பேச்சிம்மாவையும் சொல்லியிருக்கிறேன். ஒன்பது நாள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கருப்பட்டி, போர்டிங், சிஸ்டர், நண்டு மாதிரி எழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீருக்குள் யார் இருந்தாரோ அவர் எல்லாம் கேட்டிருக்கிறார். சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

மாலை 5.45

எஞ்சின் விக்குகிறது. விளக்கு மங்கி மங்கி வருகிறது.

கதவைத் தட்டுகிற சத்தம். உள்ளங்கையால் தட்டுகிறது, நீ தட்டுகிற மாதிரி. இருமல். அதே இருமல்.

டின் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளில் ஒரு கை வைத்திருக்கிறேன். இன்னொரு கையால் எழுதுகிறேன். அதனால் எழுத்து இப்படி.

அன்றைக்குக் கேட்காமல் திறந்தேன். இன்றைக்குக் கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று

தட்டுவது நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்.

அது நீதானா, கருப்பட்டி?